எலக்ட்ரீசியன் மாப்பிள்ளை

சேசு மரி சூசை

ராயபுரம்,
நவம்பர் 2007

அன்பு மகன் நெல்சனுக்கு உன் நைனா இன்னாசி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அம்மா தாயம்மாவும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் மழையோடு வருகிறது, மழையோடு போகிறது. காங்கோ தேசத்தில் நீயும் உன்னோடு காவல் நிற்கிற பிள்ளைகளும் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் பதில் வந்தால்தான் எங்கள் சுகம் முழுசாகும்.

கையெழுத்தைப் பார்த்து யாருடையது என்று யோசித்திருப்பாய். என்னுடையதுதான். கோயில் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது என்று போன தடவை எழுதச் சொல்லியிருந்தேன் அல்லவா, அதில்தான் கற்றுக்கொண்டேன். துறைமுகத்தில் இத்தனை வருஷம் மூட்டை இறக்கிய கைக்கு இந்தப் பேனா பிடிக்க வரவே இல்லை, வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இப்போது ஒரு வரி எழுதினால் ஒரு டீ குடிக்கலாம், அந்த வேகம். இதுவரை எனக்குக் கடிதம் எழுதித் தந்தது பக்கத்து வீட்டுப் பக்தவச்சலத்தின் மகள். அந்தப் பெண் நான் சொல்வதைச் சுருக்கி எழுதிவிடுவாள், நான் இரண்டு மடங்கு சொல்லியிருப்பேன். இனிமேல் அந்தக் கஷ்டம் உனக்குத்தான்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். பட்டாளத்தை விட்டு வருகிறேன் என்று உன் அதிகாரியிடம் எழுதிக் கொடுக்காதே. அம்புரோஸ் மாமா ராணுவத்துக்காரனுக்குப் பெண் தரமாட்டேன் என்றதால், டெபோராவுக்காக வேலையை விட்டுவிடட்டுமா, டிசம்பருக்குள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மகனே. ஏன் வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாலைந்து பக்கம் ஆகும், ஆனால் எல்லாம் சந்தோஷமான சேதிதான், நிதானமாகப் படி.

நீ அனுப்பிய போட்டோதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஐ.நா. சபை கொடுத்த நீல இரும்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, வெள்ளை வண்டிக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் நின்று சிரிக்கிறாயே, அதுதான். துப்பாக்கி கையில் இருந்தால் அம்மா பயப்படுவாள் என்று கீழே வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன் என்று பின்னால் எழுதியிருந்தாய். நல்ல எண்ணம்தான், ஆனால் அது எங்கே கொண்டுபோய் விட்டது பார். உன் அம்மா அந்தப் போட்டோவை முந்தானையில் முடிந்துகொண்டு தெருக்குழாய், ரேஷன் கடை, மாதா கோயில் என்று ஓர் இடம் விடாமல் காட்டினாள். பக்தவச்சலம் எண்ணூரில் அனல்மின் நிலையத்து கான்ட்ராக்ட் வேலையிலிருந்து வந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல் போட்டோவை வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தொப்பி என்றால் கம்பெனித் தொப்பிதான். அவருடைய இடத்தில் மஞ்சள் போட்டால் கூலியாள், வெள்ளை போட்டால் சூப்பர்வைசர், நீலம் போட்டால் கரண்ட் வேலை. போட்டோவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “நீலத் தொப்பின்னா எலக்ட்ரீசியன். பக்கத்துல ஜெனரேட்டர் வேற கீது. பையன் பட்டாளத்த உட்டு கம்பெனில சேந்துட்டான், வூட்டாண்ட சொல்லல போல” என்று முடிவே கட்டிவிட்டார். உன் அம்மா இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்தப் பேச்சு காதில் தேன் மாதிரி விழுந்ததால் சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள்.

மறுநாள் காசிமேட்டில் மீன் ஏலம் முடிவதற்குள் சேதி அம்புரோஸ் காதுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றவில்லை, வாசலில் அம்புரோஸும் ஆலிஸ் அத்தையும் நிற்கிறார்கள். அவன் கையில் ஒரு வஞ்சிரம், வாழை இலையில் சுற்றியும் தலையும் வாலும் வெளியே தெரிகிறது. அத்தை கையில் பூவும் வெற்றிலையும். அம்புரோஸ் என்னைக் கட்டிப்பிடித்து, சம்மந்தி என்றான். போன ஈஸ்டரில் என் வீட்டுப் பெண்ணைப் பட்டாளத்துக்குத் தள்ளமாட்டேன் என்று சொன்ன அதே வாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இப்பதான் பையனுக்குப் புத்தி வந்துகீது, கம்பெனி வேலைன்னா கவலையே இல்ல என்று அவன் சொன்னபோதுதான் எலக்ட்ரீசியன் கதை எனக்கு விளங்கியது. வாயைத் திறக்கப் போனேன், உன் அம்மா என் காலை மிதித்தாள். மிதித்த காலை எடுக்கவே இல்லை, அவர்கள் எழுந்து போகிறவரைக்கும்.

அவர்கள் போன பிறகு எங்களுக்குள் பெரிய சண்டை. கல்யாணம் ஆவட்டும், அப்பால சொல்லிக்கலாம், தாலி ஏறினா தானா சரியாப் பூடும் என்கிறாள். நான் முடியாது என்றேன். அதற்கு அவள் சொன்ன வசையை எழுத நேரமாகும் என்பதால் விட்டுவிடுகிறேன், உனக்கு அது மனப்பாடமாகத் தெரியும். பெண்ணை ஏமாற்றிக் கொண்டுவருவது ஒரு பக்கம் இருக்கட்டும். நீ செய்கிற வேலையை மறைத்து வைத்தால் அதில் ஏதோ அசிங்கம் இருப்பதுபோல் ஆகிவிடாதா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குடிகாரப் பிள்ளையைப் பெற்றவன் மறைக்கலாம், நான் எதற்கு மறைக்க வேண்டும். வஞ்சிரத்தைக் குழம்பு வைத்தோம், ருசியாகத்தான் இருந்தது, அதில் பொய் சொல்லமாட்டேன்.

மறுநாள் சாயங்காலம் வகுப்புக்குப் போகாமல் நேரே அம்புரோஸ் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பத்தடி தள்ளி என் பின்னாலேயே வந்தாள். அம்புரோஸ் வலையில் அறுந்த இடத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் சுற்றி வளைக்கவில்லை. என் பையன் எலக்ட்ரீசியன் இல்லை, அது ஐ.நா. தொப்பி, அவன் இன்னும் பட்டாளத்தில்தான் இருக்கிறான், தீவிரவாதக் கூட்டம் வந்து ஊரைக் கொளுத்துகிற இடத்தில் காவல் நிற்கிறான் என்று சொல்லிவிட்டேன். அவன் கை நின்றுவிட்டது. முகம் சிவந்து, “அப்ப மீனை வாங்கி நல்லா துன்னுட்டு, இன்னிக்கு வந்து சொல்றியா மாமு” என்றான். நெல்சன், அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

அப்புறம் அவன் விடவில்லை. நம்ம நாட்டு எல்லைன்னாலும் பரவால்ல, எவன் நாட்டுலயோ எவன் வூட்டுக்கோ எதுக்கு இவன் நிக்கணும், அங்க ஆம்பளைங்களே கெடையாதா என்றான். நான் நீ எழுதியதைச் சொன்னேன். சந்தை நாளில் பெண்கள் வாழைத்தாரும் மரவள்ளியும் சுமந்து மலையிறங்கி வருவதையும், முன்பு அந்த வழியில் அந்தக் கூட்டம் மறித்துப் பையன்களை இழுத்துக்கொண்டு போனதையும், இப்போது வழியின் இரண்டு பக்கமும் நீங்கள் நடப்பதால் சந்தை பெரிதாகிவிட்டதையும் சொன்னேன். ஒருத்தி தன் கைக்குழந்தையை உங்கள் வெள்ளை வண்டி நிழலில் படுக்க வைத்துவிட்டு வியாபாரம் பார்க்கப் போவாள், வெயில் திரும்பினால் யாராவது ஒருவன் குடை பிடிப்பான் என்று எழுதியிருந்தாயே, அதையும் சொன்னேன். ஆலிஸ் அத்தை அதைக் கேட்டுவிட்டு, கொயந்த எத்தினி மாசம் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, எழுது. ஆம்பளைகள் இருக்கிறார்கள் அம்புரோஸ், அவர்கள் கையில் மண்வெட்டி இருக்கிறது, வருகிறவன் கையில் துப்பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன்.

அப்புறம் அவனையே கேட்டேன். போன வருஷம் எண்ணூருக்கு நேரே ஆந்திராக்காரன் படகு கவிழ்ந்துவிட்டது என்று காசிமேட்டு மைக்கில் சொன்ன அன்றைக்கு யார் படகு முதலில் போனது. அத்தைதான் சொன்னாள், என் அண்ணன் பொண்ணு கல்யாணத்துல பந்தில உக்காந்த மனுசன், எலைய மடிச்சிட்டு எய்ந்து போச்சு, நான் கூப்ட்டது காதுலயே உயல என்று. எந்தப் படகு காணாமல் போனாலும் தேடி முடிக்கிறவரை ஒருவரும் தொழிலுக்குப் போகக் கூடாது, அவனவன் டீசலைப் போட்டுத் தேட வேண்டும் என்பது இங்கே முறை என்று உனக்கும் தெரியும். எந்த ஊர்ப் படகு, என்ன சாதி, என்ன பாஷை என்று யாரும் கேட்பதில்லை. என் பையன் போயிருப்பதும் அந்த முறைதான், அங்கே கடல் இல்லை, மலை, அவ்வளவுதான் என்றேன். அம்புரோஸ் வலையைப் பார்த்துக்கொண்டே, “கடல் கையில துப்பாக்கி இல்ல மாமு” என்றான். அவன் சொன்னது நிஜம். உன் அம்மா வாசற்படியில் அழ ஆரம்பித்துவிட்டாள், காரியம் கெட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் டெபோரா எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து வந்தாள். உன் அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையைக்கூட மாட்டாமல் நின்றபடியே கேட்டாள் எல்லாவற்றையும். கேட்டுவிட்டு, எனக்கு முதல் நாளே தெரியும், போட்டோவில் காலைப் பார்த்தேன், எந்த எலக்ட்ரீசியன் இப்படி முட்டிக்குக் கீழே கயிறு கட்டின பூட்ஸ் போடுவான் என்று சிரித்தாள். பிறகு அவள் அப்பாவைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஓர் எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. “நீ கடலுக்குப் போன நாள்லாம் அம்மா வாசல்ல நின்னுகினு இருந்துச்சு. நானும் கூடவே நின்னேன். எனக்கு நிக்கத் தெரியும்ப்பா. எதுக்குப் போயிகீறாருன்னு தெரிஞ்சா போதும்.”

அம்புரோஸ் எழுந்து பின்பக்கம் போய்விட்டான். முகம் கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. துண்டால் துடைத்துக்கொண்டே வந்து என் எதிரில் உட்கார்ந்து, அந்தத் தொப்பி குண்டு பட்டா தாங்குமா என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். எழுதிக் கேளு என்றான். சரி என்றேன். லீவு எப்போது என்றும் சேர்த்துக் கேளு, கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க சாமியாரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றான். அது வரைக்கும் அழுதுகொண்டிருந்த உன் அம்மா உடனே எழுந்து, பந்திக்கு எந்த மீன் என்று ஆலிஸோடு பேச ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு முட்டிவலி இருந்த அடையாளமே இல்லை.

எவன் வீட்டுப் பிள்ளைக்கோ காவல் நிற்கிறேன், என் வீட்டுக்குக் காவல் இல்லை என்று போன கடிதத்தில் மனசு விட்டு எழுதியிருந்தாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரு தடவை ரயிலில் குண்டு வைத்திருக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டான். வெறும் புரளி. அதற்கே உன் அம்மா உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டாள், ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் போன என்னை வழி பார்த்துப் பார்த்து அவளுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. ஒரு புரளிக்கே ஒரு குடும்பம் இந்தப் பாடு பட்டால், அந்தக் கூட்டம் தினமும் நிஜமாகவே வருகிற ஊரில் ஒரு தாய் எப்படி உலை வைப்பாள். அவள் பயமில்லாமல் சந்தைக்குப் போகட்டும் என்று ஒருவன் நிற்கத்தான் வேண்டும். அவன் என் பிள்ளையாக இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை, பயம் மட்டும் உண்டு. இரண்டும் வேறு வேறு என்று இப்போதுதான் எனக்கே தெரிகிறது, இதை எழுத எழுதத்தான் தெரிகிறது. இங்கே எங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு தெருவே இருக்கிறது. பக்தவச்சலம் தினமும் வந்து, நீலத்துக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கறது தெரியாமப் பூடுச்சே என்று டீ குடித்துவிட்டுப் போகிறார்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. கொசு மாத்திரையைத் துப்பிவிடாதே. துப்பாக்கி கையில் இருக்கிறது என்பதற்காக அந்த ஊர் ஜனங்களை அதட்டாதே, அவர்கள் ஏற்கெனவே அதட்டப்பட்டவர்கள். சுடாமல் முடிகிற காரியத்தைச் சுடாமல் முடி. குடை பிடிக்க உன் முறை வந்தால் கை மாற்றாதே.

உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தொப்பி தாங்கும் என்றே எழுதச் சொல்லு என்கிறாள். நான் சொல்கிறேன், உள்ளதை எழுது. தாங்காது என்றாலும் எழுது. உள்ளதைச் சொன்ன பிறகும் கிடைத்த பெண் டெபோரா, அவளுக்கு அதுவும் தெரிந்திருக்கட்டும். மாதா உன்னையும் உன்னோடு நிற்கிறவர்களையும் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். பதிலில் லீவுத் தேதி மறக்காதே, ஆலிஸ் அத்தை கேட்ட குழந்தையின் மாசத்தையும் மறக்காதே, தினம் கேட்கிறாள்.

உன் நைனா,
இன்னாசி

(மேலே இருப்பது நானே போட்ட கையெழுத்து. பக்கத்தில் இருக்கிற மஞ்சள் கறை உன் அம்மாவின் கட்டைவிரல், குழம்புக் கையோடு ஆசீர்வாதம் போட்டுவிட்டாள்.)