சென்சார் மேல் ஒட்டிய டேப்

மூக்கண்டப்பள்ளி
9.6.2024

அன்புள்ள மாதேஸ்வரி அக்காவுக்கு,

முனிராஜ் எழுதுவது. போனில் எதைச் சொன்னாலும் நீ "ம்" என்கிறாய். அதனால்தான் கடிதம். கை நன்றாக ஓடுகிறது. இடுப்புக்குக் கீழேதான் இரண்டு வருடமாக ஒன்றும் தெரியவில்லை.

ஒரு நல்ல செய்தி. வியாழக்கிழமை அனுப்ரியா என் காலைக் கழுவும்போது வலது கட்டைவிரல் மேலே எழும்பியது! அவளும் பார்த்தாள். "ஆமா, உங்கக்கா எலிக்குக் கால் குடுத்தாச்சு, அடுத்து உங்களுக்குத்தான்" என்று வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் பேச்சு அப்படித்தான். உன் ஆய்வகத்திலிருந்து நீ அனுப்பிய படம், அந்தப் பச்சை நரம்பிழை, என் கட்டிலருகே சுவரில் இருக்கிறது. அதன் பின்னால் "இது வளர்ந்தது" என்று எழுதியிருந்தாயே, அது எனக்கு மனப்பாடம்.

கம்பெனியில் உட்கார்ந்தபடி பாகங்களின் அளவு பார்க்கும் வேலை தருகிறார்களாம். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேர வேண்டும். என்னோடு அங்கே வேலை பார்த்த கரியப்பன் வந்து, "உக்காந்தே சம்பளம் வாங்கற யோகம் எவனுக்குடா கெடைக்கும்? யோசன பேடா, வாடா" என்றான். யோசிக்க வேண்டாமாம். நிற்கப் போகிறவன் எதற்கு அதில் கையெழுத்துப் போட வேண்டும்? உன் மருந்து எப்போது வரும்?

உன் தம்பி,
முனிராஜ்


புனே
20.6.2024

அன்புள்ள முனிராஜ்,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து இப்போதும் என்னுடையதைவிட அழகு.

ஒரு கேள்வி. விரல் நீ நினைத்தபோது எழும்பியதா, தண்ணீர் பட்டபோதா?

நீ மருந்து என்கிறாய். நான் செய்வது மருந்தல்ல. வளரும் நரம்பிழையின் நுனியில் ஏற்பிகள் இருக்கின்றன. சுற்றியுள்ள பொருள்கள் "வா" என்கின்றனவா, "வராதே" என்கின்றனவா என்று அறிபவை அவை. தண்டுவடம் அறுபட்ட இடத்தில் "வராதே" அதிகம். அதைக் கேட்டதும் நுனி சுருங்கி நின்றுவிடும். ஓர் ஏற்பியை நீக்கிய எலிகளில் சில இழைகள் அந்த இடத்தைத் தாண்டின. சில.

வேலையை மறுத்துவிடாதே. அனுப்ரியாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


மூக்கண்டப்பள்ளி
2.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தண்ணீர் பட்டபோதுதான். அதனால் என்ன? அசைந்ததா இல்லையா?

நீ எழுதியது எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் கம்பெனிச் சரக்கு லிஃப்ட்டும் இப்படித்தான். கதவு திறந்திருந்தால் நகராது, சென்சார் நிறுத்திவிடும். வேலை தாமதமாகிறது என்று சென்சார் மேல் டேப் ஒட்டுவோம். கதவு மூடியிருப்பதாக நினைத்து ஓடும். அந்த ஏற்பி மேலும் ஒரு டேப் ஒட்டிவிட்டால் முடிந்தது!

கரியப்பனிடம் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ "வரும்" என்று ஒரு வார்த்தை எழுது. வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். எத்தனை வருடமானாலும் சரி.

முனிராஜ்


புனே
14.7.2024

முனிராஜ்,

வராது. உன் வாழ்நாளில் வரும் என்று நான் நம்பவில்லை.

தண்ணீர் பட்டு எழும்பிய விரல், தலையிலிருந்து சேதி வந்து எழும்பியதல்ல. அறுபட்ட இடத்துக்குக் கீழே இருக்கும் தண்டுவடம் தானாகச் செய்வது. படத்தில் அந்த இழை வளர்ந்தது ஒரு மில்லிமீட்டர். உனக்கு அதைப்போல நூறு மடங்கு வேண்டும். இன்னோர் ஆய்வகம் எங்கள் சோதனையைத் திரும்பச் செய்தது. ஓர் இழைகூடத் தாண்டவில்லை.

டேப்பைப் பற்றி எழுதினாய். அதை ஒட்டியது யார் என்று நான் இதுவரை கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன். ஆனால் அது ஒட்டியிருந்ததால்தான் கதவு திறந்திருக்க லிஃப்ட் மேலே போனது. டிராலியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு நீ வெறும் குழிக்குள் போனாய். "வராதே" என்பதை அடைத்துவிட்டால் இழை சரியான இடத்துக்குப் போகும் என்று யார் சொன்னது? எங்கள் எலிகளில் பல இழைகள் வழிதவறின. இரண்டு எலிகள் வலி தாங்காமல் தங்கள் காலையே கடித்துக்கொண்டன. அவற்றை நான் படம் எடுக்கவில்லை.

"இது வளர்ந்தது" என்று நான் எழுதியிருக்கக் கூடாது. வேலைக்குப் போ.

மாதேஸ்வரி


புனே
1.9.2024

அன்புள்ள முனிராஜ்,

உன் உறை வந்தது. கடிதம் இல்லை, படம் மட்டும். நான்கு மூலையிலும் டேப், அதில் சுவரின் சுண்ணாம்பு. பின்னால் என் வரிக்கு முன் ஒரு சொல் சேர்த்திருக்கிறாய்: "எலிக்கு".

அனுப்ரியாவிடம் போனில் பேசினேன். "அவரு போவல அண்ணி. ஆகஸ்ட் ஒன்னாந்தேதி காலைல கரியப்பண்ணன் ஆட்டோ கொண்டாந்து நின்னாரு. இவரு செவுத்துப் பக்கம் மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. ஒரு வாரத்துல அந்த வேலைக்கு வேற ஆள் வந்துடுச்சு. இப்ப கால் கழுவக்கூட வுட மாட்றாரு. வெரல் எழும்பிடும்னு பயப்படறாரு" என்றாள். நான் "ம்" என்றேன்.

உண்மையைச் சொன்னால் வேலைக்குப் போய்விடுவாய் என்று கணக்குப் போட்டேன். என் மற்ற கணக்குகளைப் போலவே அதுவும் தப்பு.

பதில் எழுத வேண்டாம். காலை மட்டும் கழுவ விடு, புண் வந்துவிடும். விரல் எழும்பினால் எழும்பட்டும். நீ அந்தப் பக்கம் பார்க்காதே.

அக்கா