அஞ்செட்டிப் பதிவில் வெட்டிய அரை நிமிடம்

இன்று காலை மேனேஜர் ஒரு பட்டியல் அனுப்பினார். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை, மாலைக்குள் அழிக்க வேண்டிய ஒலிப்பதிவுகள். எல்லாம் நீ எடுத்தவை.

"சுத்தம் பண்ண காப்பிதான் இருக்கேப்பா. ஒரிஜினல் எதுக்கு? வெறும் இருமலு, மாட்டுச் சத்தம்" என்றார். அது யாருடைய இருமல் என்று அவருக்குத் தெரியும். உன் காரியத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்தான்.

பேரிகை, அஞ்செட்டி என்று ஊர் ஊராகப் போய் நீ ஆட்களைப் பேச வைத்தாய். ஓசூரில் ஏசி அறையில் உட்கார்ந்து நான் அந்தப் பேச்சைச் சொல் சொல்லாகப் பிரித்து அடுக்கினேன். ஒரு சொல்லைத் தேடினால், அதை யார் யார் எப்படி உச்சரித்தார்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் வரிசையாகக் கேட்கலாம். உன் குரலும் இருமலும் அவர்களுக்கு வேண்டாதவை. 'இரைச்சல்' என்று குறி போட்டு வெட்டுவேன்.

"மைக்கைத் தள்ளி வச்சிட்டு இருமேன். எத்தினி வாட்டி கிளீன் பண்றது?" என்றேன் ஒருநாள்.

"சரிங்க சார், அடுத்த வாட்டி பர்மிஷன் கேட்டுட்டு இருமறேன்."

சிரித்தாய். சிரிப்பு முடியுமுன் மறுபடி இருமினாய். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

மதியம், அழிப்பதற்கு முன், 'இரைச்சல்' என்று தேடினேன். மாதவாரியாக வந்து நின்றன. ஆடியில் ஒன்றிரண்டு. மார்கழியில் கேள்விக்குக் கேள்வி மூச்சு வாங்குகிறாய். "ஏன் இவ்ளோ லேட்டா கூட்டிட்டு வந்தீங்க?" என்று டாக்டர் கேட்டபோது, "இப்பதான் சார் ஆரம்பிச்சது" என்றேன்.

கடைசியாக அஞ்செட்டிப் பதிவு. மாடு மேய்க்கும் அக்கா ஒருத்தி, நீ கேட்ட சொல்லைச் சொல்லாமல் உன்னைத் திட்டுகிறாள்.

"சொல்லு கெடக்குது பாப்பா. இப்பிடி இருமுறியே, உன் ஊட்டுக்காரனுக்குக் காது இல்லியா?"

"அவரு வேலையே இதைக் கேக்கறதுதான்க்கா. தெனமும் கேட்டுட்டுதான் இருக்காரு."

இருவரும் சிரிக்கிறீர்கள். அந்த அரை நிமிடத்தின்மேல் 'தேவையற்ற பேச்சு' என்று ஒரு குறி. குறி போட்டவர் என்ற இடத்தில் என் பெயர். வெட்டின தொடக்கமும் முடிவும் அவ்வளவு துல்லியம், கேட்காமல் அப்படி வெட்ட முடியாது.

அழிக்க மாட்டேன் என்றேன். "எமோஷனல் ஆவாதப்பா" என்று மேனேஜர் பட்டியலை வேறொருவனுக்கு அனுப்பிவிட்டார். அந்த அரை நிமிடத்தை மட்டும் என் போனில் எடுத்துக்கொண்டேன்.

உன் அம்மா போன் செய்யும்போதெல்லாம், "உங்களுக்கு எப்பிடித் தெரியும் மாப்ள, அவதான் வாயத் தெறக்கலியே" என்று ஆறுதல் சொல்கிறார். நேற்றுவரை "ஆமாங்கத்தை" என்றேன். இனி அப்படிச் சொல்ல முடியாது.