எனக்குச் சுகம் வரவில்லை

வெள்ளவத்தை
5.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களையும் அத்தானையும் ஆண்டவர் காக்க வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போனில் கதைத்தால் அத்தான் பக்கத்தில் இருப்பார். அதுதான் கடிதம். வாசித்துவிட்டுக் கிழித்துவிடுங்கோ.

எனக்கு வலிப்பு திரும்ப வந்துவிட்டது அக்கா. மூன்று தரம். போன வியாழக்கிழமை குளியலறையில் விழுந்துவிட்டேன். கண் திறக்க நெற்றியெல்லாம் இரத்தம். தை மாசம் அத்தான் என் தலையில் கை வைத்து ஜெபித்தபோது சுகமாகிவிட்டேன் என்று உண்மையாகவே நம்பித்தான் சபைக்கு முன்னால் சாட்சி சொன்னேன். டொக்டர் தந்த குளிசையையும் நிறுத்தினேன். இப்போது திரும்பப் போடுகிறேன்.

அத்தானிடம் சொன்னேன். "பிசாசு உன்ர விசுவாசத்தைச் சோதிக்கிறான். வாயைத் திறக்காதை" என்றார். பதினேழாம் திகதி ஆராதனையில் அதே சாட்சியைத் திரும்பவும் சொல்லவேண்டுமாம். கல்கிசையிலிருந்தும் சனம் வருமாம்.

இதைவிடப் பெரிய பயம் சபைக்கு வருகிற சாம்பவியை நினைத்துத்தான். போன ஞாயிறு என் கையைப் பிடித்து, "அக்கா, உங்களைப் பாத்துத்தான் நானும் வலிப்புக் குளிசையை நிப்பாட்டிட்டன்" என்றாள். அவளுக்குக் கைக்குழந்தை. பகலில் வீட்டில் வேறு ஆளில்லை. அத்தான் பக்கத்தில் நின்றார். நான் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான் என்ன செய்ய?

தங்கச்சி
அருள்மலர்


கொட்டாஞ்சேனை
9.3.2024

அருளுக்கு,

குசினிக்குள் அடுப்படியில் நின்று வாசித்தேன். குளிசையை விடாமல் போடு. ஆனால் ஒருவருக்கும் சொல்லாதே. நீ எழும்பி மறுத்துச் சொன்னால் அத்தான் இருபது வருசமாகக் கட்டின சபை ஒரே நாளில் உடைந்துபோகும். நாங்கள் இருக்கிற வீடும் சபையின் வீடு. இந்த வயதில் எங்கே போவோம்? அம்மா செத்தபோது உன்னைத் தாங்கினது இந்தச் சனந்தானே.

பதினேழாம் திகதி காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நின்றுவிடு. எனக்காக இதைச் செய்.

அக்கா
நேசமலர்


வெள்ளவத்தை
18.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சொல்லைத் தட்டினதற்கு மன்னியுங்கோ. காய்ச்சல் என்று நிற்கத்தான் நினைத்தேன். புதன்கிழமை சாம்பவி வீட்டுக்குப் போய், எனக்கு வலிப்பு வருத்தம் மாறவில்லை என்று சொன்னேன். அவள் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "பாஸ்டர் அப்பிடிச் சொல்லேல்லையே அக்கா. உங்களுக்கு விசுவாசம் குறைஞ்சு போச்சு" என்றாள். அந்தத் தண்ணீரையும் பிள்ளையையும் பார்க்க, நான் குளியலறையில் விழுந்தது நினைவுக்கு வந்தது. அவள் நம்பவேண்டும் என்றால் எல்லாருக்கும் முன்னால் சொல்லத்தான் வேண்டும் என்று விளங்கியது.

நேற்று ஆராதனையில் நீங்கள் முன்வரிசையில் இருந்து கேட்டீர்கள். "எனக்குச் சுகம் வரேல்லை. குளிசை போடுறன். நிப்பாட்டின ஆக்கள் இண்டைக்கே டொக்டரிட்டப் போங்கோ" என்றேன். அதோடு மைக்கை நிறுத்திவிட்டார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். வெளியே வரும்போது ஒருவரும் எனக்கு வழிவிடவில்லை. சாம்பவியும் பார்க்காமல் போய்விட்டாள்.

ஆண்டவர் சுகமாக்குவார் என்று இன்றும் நம்புகிறேன் அக்கா. ஆனால் அவர் செய்யாததைச் செய்தார் என்று அவர் பெயராலேயே எப்படிச் சொல்வேன்? நேற்றிலிருந்து போன் அடித்தபடி. ஏசிவிட்டு வைக்கிறார்கள். கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டிருக்கிறேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே லைட்டை அணைத்துவிடுகிறேன்.

நீங்களும் என்னை விட்டுவிட்டீர்களா?

அருள்மலர்


கொட்டாஞ்சேனை
22.3.2024

அருள்,

நான் தலை குனிந்தது உன்னை நினைத்து வெட்கப்பட்டு இல்லை. தை மாசம் உன் சாட்சியைக் கேட்ட கிழமையே என் பிரஷர் குளிசையை நானும் நிறுத்திவிட்டேன். பாஸ்டரின் மனுசி குளிசை போட்டால் சனம் என்ன சொல்லும் என்ற பயம். அத்தானுக்குக்கூடச் சொல்லவில்லை.

நேற்றுக் காலை சாம்பவி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என்னைக் கண்டதும் அழுதாள். திங்கட்கிழமை அவளுக்கும் வலிப்பு வந்திருக்கிறது. நல்ல காலம், பிள்ளை தொட்டிலில் கிடந்ததாம். அவளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். எனக்குப் பிரஷர் இருநூறு. டொக்டரிடம் இரண்டு பேருக்கும் நல்ல ஏச்சு.

பின்னேரம் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். இனி என்ன நடக்கும், எங்களை எங்கே போகச் சொல்வார்கள், ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வா. முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் இரு. உன்னை எழும்பிப் போகச் சொன்னால் நானும் எழும்புவேன்.

அக்கா