நீ உரசிய தீக்குச்சி

பகவதிக்குப் பெண்கள் தெருவில் அடுப்பு வைத்துப் பொங்கலிடும் பொங்காலைக்கு வரும் அவசரத்தில் பழைய துணிப்பையை எடுத்து உதறினேன். வெல்லத்தூளோடு, அன்று நான் எடுத்து வைத்த உன் தீப்பெட்டியும் கீழே விழுந்தது. அதன் மருந்துப் பட்டையில் ஒரே ஒரு கோடு, நீ உரசியது. இப்போது செங்கல் வைத்து, பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கோயிலிலிருந்து தீ வந்து சேர இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் உனக்கு இதை எழுதிவிடலாம்.

நாம் ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசையில் வேலை பார்த்தவர்கள். நீ கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் பிறந்தும் சாமி இல்லை என்றவள். நான் நாஞ்சில் நாட்டிலிருந்து ஆரியசாலை மிளகாய் மொத்தக்கடை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரு வெள்ளிக்கிழமைகூடக் கோயில் தவறாதவள். கேன்டீன் டிவியில் எந்த ஊரில் குண்டு விழுந்தாலும் நம் மேசையில் சண்டை மூளும். மதம் இல்லாவிட்டால் பாதி யுத்தம் இருக்காது என்பாய். அவர்கள் நிலத்துக்கும் நாற்காலிக்கும் அடித்துக்கொள்கிறார்கள், சாமி பேரைச் சும்மா இழுக்கிறார்கள் என்பேன்.

“இழுக்கறதுக்கு ஒரு பேர் ரெடியா இருக்கோல்லியோ, அதாண்டி பிரச்னை” என்பாய். உன் டீ ஆறிப்போய்விட்டது என்று நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

நீ இந்தத் தீக்குச்சியை உரசிய வருஷம், எங்கோ வடக்கே நடந்த கலவரத்தின் படங்கள் எல்லோருடைய போனிலும் சுற்றிக்கொண்டிருந்தன. பொங்காலைக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் தெரு ஆட்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். கொப்பரைக் கடை வாசலில் இந்தத் தடவை அடுப்பு வேண்டாம் என்றார்கள். கடைக்காரர் முஸ்லிம். வருஷா வருஷம் வாசலைக் கழுவிவிட்டு, பெண்களுக்கென்று ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர் வைப்பவர். அந்த வாசலில் அடுப்பு வைப்பவளே நான்தான். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதற்கு வம்பு என்று தெருக்கோடியில் வேறு இடம் பிடித்தேன்.

மறுநாள் உன்னிடம் சொன்னபோது நன்றாகத் திட்டுவாய் என்றுதான் நினைத்தேன். நீ ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்தாமல், ஒரு அடுப்புக்கு எத்தனை செங்கல் வேண்டும் என்று கேட்டாய். கேலி செய்கிறாய் என்று நினைத்து, மூன்று என்றேன்.

பொங்காலையன்று காலையில் அந்த வாசலில் மூன்று செங்கலும் புதுப் பானையுமாக நீ உட்கார்ந்திருந்தாய். சாமி கும்பிடாதவளுக்குப் பொங்காலை முறை என்ன தெரியும்? தலைமைப் பூசாரியான மேல்சாந்தி கோயில் அடுப்பில் மூட்டும் தீதான் ஓலைப் பந்தத்தில் அடுப்பு அடுப்பாக எங்கள் தெருவுக்கு வரும். தீப்பெட்டியை யாரும் தொட மாட்டார்கள். நீ பாட்டுக்கு உரசிப் பற்றவைத்துவிட்டாய். பெண்கள் பதறினார்கள், இது கணக்கில் வராது என்றார்கள். நீயும் பதறிப்போய் ஒரு குடம் தண்ணீரை அடுப்பிலேயே கொட்டினாய். விறகு மொத்தமும் நனைந்து ஊறியது. தெருக்கோடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அப்போதுதான் தீ வந்தது. உனக்கு முந்திய அடுப்புக்காரி எரியும் ஓலையோடு உன் முன்னால் நின்றாள். ஈர விறகைப் பார்த்தாள், எதிர்ச் சுவரோரம் நின்ற அந்த மூன்று பேரையும் பார்த்தாள். அவள் உன்னைத் தாண்டி அடுத்த அடுப்புக்குப் போயிருந்தால், அந்த வாசலைத் தெருவே ஒதுக்கியதாக ஆகியிருக்கும். கடைக்காரர் ஒரு முறம் நிறையக் காய்ந்த கொட்டாங்கச்சியோடு இறங்கி வந்தார்.

“நல்ல உணங்கின சிரட்டையாணு சேச்சி, எடுத்தோ” என்றார்.

நீ வாங்கி அடுக்கினாய். அந்த ஓலை இன்னும் தயங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் எப்போது எழுந்தேன், எப்படி அத்தனை அடுப்புகளைத் தாண்டி ஓடி வந்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் கையிலிருந்து ஓலையை வாங்கி உன் அடுப்பில் வைத்தேன். கொட்டாங்கச்சி உடனே பிடித்துக்கொண்டது. உன் அடுப்பிலிருந்து அடுத்தவள் எடுத்தாள், அவளிடமிருந்து அதற்கடுத்தவள். கடைசியில் தெருக்கோடியில் என் அடுப்பும் அந்தத் தீயில்தான் எரிந்தது. அந்த மூன்று பேரும் போய்விட்டார்கள்.

உன் பொங்கல் அடிப்பிடித்துக் கரிந்தது. அதைக் கடைக்காரருக்கும் ஓர் இலையில் கொடுத்தாய், பாவம், முழுக்கச் சாப்பிட்டார். இப்போதாவது நம்புகிறாயா என்று உன் காதோரம் கேட்டேன்.

“இல்லடி. பகவதி இருக்காளான்னு இப்பவும் நேக்குத் தெரியாது. ஆனா இவர் வாசல்ல தீ நின்னுட்டுப் போச்சே, அது நெஜம். நேக்கு அது போறும்” என்றாய்.

எனக்குப் பகவதி இருக்கிறாள். அன்று அவள் உன் அடுப்பைத்தான் முதலில் பார்த்திருப்பாள் என்பது என் நம்பிக்கை. இதைச் சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். மதத்தால் சண்டை வருமா என்று இப்போது யாராவது கேட்டால், வரும் என்று ஒத்துக்கொள்கிறேன். எங்கள் தெருவுக்கே அது வரப் பார்த்தது, நான் செங்கலைத் தூக்கிக்கொண்டு அதற்கு வழிவிட்டேன். மூன்றே செங்கலை வைத்து நீ அதை மறித்தாய். இத்தனை வருஷமாகக் கும்பிட்டு நான் கற்றுக்கொள்ளாததைக் கும்பிடாத நீ செய்தாய்.

நீ கண்ணை மூடிய பிறகு இது இரண்டாவது பொங்காலை. கொப்பரைக் கடை வாசலில், உன் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சற்று முன் என் மடியில் தீப்பெட்டியைப் பார்த்துவிட்டு, பக்கத்து அடுப்புப் பெண் சிரித்தாள். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை, இந்தத் தெருவுக்குப் புதிதாக வந்த மருமகள்.

“இங்க இது எதுக்கு ஆன்ட்டி?”

இந்த வாசலில் இதை உரசிய ஒருத்தியைப் பற்றிச் சொன்னேன். யார் அவர் என்று கேட்டாள்.

“என் சிநேகிதி” என்றேன். அதைச் சொல்லும்போது எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதை நீ பார்த்திருக்க வேண்டும்.

தெருமுனையில் பெண்கள் குரவையிடுவது கேட்கிறது. தீ வந்துவிட்டது.