தீன் சாப்

நகரி,
ஞாயிற்றுக்கிழமை

என் பிரியமுள்ள மாமாவுக்கு, தாட்சாயணி எழுதுவது.

நானும் வயிற்றில் இருப்பதும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்கும் அங்கே ஒரு குறையும் இல்லை என்று நேற்றுதான் தெரிந்துகொண்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்கலாம்தான். நீங்கள் கூப்பிட்டாலே அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், கப்பல் நெட்டும் அறுந்து அறுந்து போகிறது. நான் திட்டுவதில் பாதிதான் உங்களுக்கு வந்து சேரும். காகிதத்தில் எழுதினால் முழுசாகச் சேரும்.

இதைக் கொண்டுவரும் சஞ்சய், உங்கள் கப்பலில் புதிதாக ஏறப்போகும் நாயுடுபேட்டைப் பையன். நாளைக்குத்தான் கிளம்புகிறான், நேற்றே பார்சல் வாங்கிப்போக வீட்டுக்கு வந்தான். ஊறுகாய், பருப்புப் பொடி எல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டு, தனியாக ஒரு டப்பா பேரீச்சம்பழம் எடுத்து, இது தீன் சாப்புக்கு, பாவம் வயசானவர், நோன்புக்கு ஆகும் என்றேன். அவன் முழித்தான். அப்புறம் சிரித்தான். அக்கா, கப்பல்ல இந்தி நம்பர் போட்டுத்தான் கூப்டுவாங்க, ரெண்டாவது இன்ஜினியர் நம்ம அண்ணன், அவரு தோ சாப், மூணாவது இன்ஜினியர் தீன் சாப், பேரு காவ்யா, வைசாக் அம்மாயி, காலேஜ்ல எனக்கு சீனியர் பொண்ணு என்றான். டப்பாவைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டேன். அவன் போனதும் பாதியை நானே தின்றேன்.

ஏக், தோ, தீன் எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான் நான். ஆனாலும் நம் பக்கத்தில் தீன் சாப் என்றால் யாருக்கு என்ன தோன்றும்? மொய்தீனோ ஷம்சுதீனோ, வெள்ளைத் தாடி வைத்த ஒரு சாயபு என்றுதான் நினைத்தேன். நீங்களும் அவர் வந்தார், அவர் சொன்னார் என்றே பேசினீர்கள். ரம்ஜான் நோன்பு தொடங்கினபோது அவருக்கு வாழ்த்துச் சொல்லுங்கள் என்றேனே, அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சரி என்றீர்கள். அப்போதே நான் தப்பாகப் புரிந்துகொண்டது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பொய் சொல்லவில்லை, ஒத்துக்கொள்கிறேன். மரியாதையாகப் பேசியே என்னை ஏமாற்றிவிட்டீர்கள். உங்கள் கப்பல் நடுக்கடலில் நின்றுபோனது தெரிந்ததும் நான் தர்காவுக்குப் போய்ச் சர்க்கரை வைத்து, உங்கள் பேரோடு தீன் சாயபு பேருக்கும் ஓதச் சொல்லிவிட்டு வந்தேன் மாமா. இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

அந்தக் கதையை அன்றைக்கு வாய் பிளந்து கேட்டேன். மூன்று ஜெனரேட்டர் இருக்கிறது, ஒன்று நின்றால் இன்னொன்று தானாக ஓடும், பயப்படாதே என்பீர்கள். ஒன்று நின்றது. அடுத்தது ஓடி, அதுவும் நின்றது. மூன்றாவதும் நின்றது. மூன்றுக்கும் எண்ணெய் ஒரே டாங்கியிலிருந்து வருகிறது, அலையில் கப்பல் ஆடிய ஆட்டத்தில் டாங்கி அடியில் கிடந்த கசடு கிளம்பி எல்லா ஃபில்டரையும் அடைத்துவிட்டது என்றீர்கள். கரண்டு இல்லாமல் பம்பு ஓடாது, பம்பு ஓடாமல் பெரிய இன்ஜின் ஓடாது. மேல்தளத்தில் தனி டாங்கியோடு இருக்கிற எமர்ஜென்சி ஜெனரேட்டர் விளக்குக்கும் ரேடியோவுக்கும் சுக்கானுக்கும்தான், கப்பலை ஓட்ட அதனால் ஆகாது. அந்த அரை வெளிச்சத்தில் தீன் சாப் என் தோளில் கை வைத்து, நிதானமாகக் கழற்றுங்கள் சார் என்றார், அதற்கப்புறம்தான் முதல் ஃபில்டரே கழன்று வந்தது என்றீர்கள். வயசானவர் கை என்று நினைத்துக் கும்பிட்டேன்.

இப்போது என் கதையைக் கேளுங்கள். நீங்கள் இல்லாத குறை தெரியாமல் இருக்க எனக்கும் மூன்று பேரை வைத்துவிட்டுப் போனீர்கள். அத்தை, உங்கள் தம்பி ஹேமநாத், அவர் பெண்டாட்டி கல்பனா. போன மாசம் மூன்று பேரும் ஒரே கல்யாணத்துக்குத் திருப்பதி போயிருந்தபோது எனக்கு வயிற்றுவலி வந்தது. யார் போனும் எடுக்கவில்லை, மண்டபத்தில் மேளச் சத்தம். நானே ஆட்டோ பிடித்துப் புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதிர்வீட்டு கிருஷ்ணம்மா தெருமுனையில் ஓடி வந்து ஏறிக்கொண்டார். நல்ல மனுஷி, கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது உங்கள் கை. ஒன்றும் இல்லை, ஓய்வெடு என்று டாக்டரம்மா அனுப்பிவிட்டார். நீங்கள் கடலில் பயப்படுவீர்கள் என்று நான் சொல்லவில்லை. அத்தைக்குச் சொன்னபோது, இன்னாமே இது, நாங்க ஒரு நாள் கல்யாணத்துக்குப் போய்க்கினு இருந்தா அன்னிக்குப் பார்த்தா வலி வரணும் என்று என்னையே கேட்டார்.

பிரசவத்துக்கு வந்துவிடுவேன் என்று போனவர், கான்ட்ராக்டை நீட்டிக்கொள்ளப் போகிறேன் என்கிறீர்கள். டாங்கியைச் சுத்தம் பண்ணி, ஒரு ஜெனரேட்டருக்காவது தனி டாங்கியிலிருந்து லைன் இழுக்கும் வேலை இருக்கிறது, அது முடியும்வரை என்னை இருக்கச் சொல்லி தீன் சாப் கேட்கிறார் என்றீர்கள். பெரியவர் கேட்கிறாரே என்று நானும் சரி என்றேன். இப்போது சொல்கிறேன், சரி இல்லை.

பொறாமைதான் மாமா. மூடி மறைக்கவில்லை. உங்கள் மேல் சந்தேகம் இல்லை, அவங்க மேலும் இல்லை. கப்பல் நின்றுபோன அந்த நேரத்தில் உங்களுக்கு எந்த ஸ்பானர் வேண்டும் என்று கேட்காமலே எடுத்துக் கொடுக்க அவங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் பயந்தால் முகம் எப்படி ஆகும் என்று அவங்க பார்த்துவிட்டார்கள். உங்களைக் கட்டிக்கொண்ட நான் இன்னும் பார்க்கவில்லை. அதுதான் ஆற மாட்டேன் என்கிறது.

கீழே நாலு வரி அவங்களுக்கு எழுதியிருக்கிறேன். அவங்களுக்குத் தமிழ் படிக்க வராது என்று சஞ்சய் சொன்னான். எனக்குத் தெலுங்கில் எழுத வரும், வேண்டுமென்றேதான் தமிழில் எழுதினேன். நீங்களே அவங்க எதிரில் நின்று, உங்கள் வாயால், ஒரு சொல் விடாமல் தெலுங்கில் படித்துக் காட்டுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
தாட்சாயணி

காவ்யாவுக்கு,

நீ யாரென்று தெரியாமல் உனக்காக வேண்டிக்கொண்டேன் அம்மா. தெரிந்த பிறகு அதைத் திரும்பக் கேட்க மாட்டேன். நன்றாக இரு. உங்கள் கப்பலுக்கு இவர் போனால் வேறொரு தோ சாப் வருவார். என் பிள்ளைக்கு நைனா என்று கூப்பிட இவர் ஒருத்தர்தான். அனுப்பி வை.