கத்தி போன வரிசை

அக்கா,

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். அப்படியும் வரி வால்பாறை பஸ் மாதிரி வளைந்து வளைந்து ஏறுகிறது. அறுபத்து மூன்று வயதில் பிடித்த பென்சில். ஆறு மாதம் முன்பு வரை நான் கைநாட்டுதான். இப்போது ஒரு வரி எழுதி முடித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பி வந்து அதைப் படிக்கிறேன். நான் எழுதினதை நானே படிக்கிறேன், அக்கா! மருமகள் பார்த்துவிட்டு, "மாமா பரிட்சைக்குப் படிக்கறாங்களாட்ட இருக்குது" என்கிறாள்.

இன்று காலை மகன் வீட்டுப் பின்னால் நிற்கும் முருங்கையில் பிசின் வடிந்திருந்தது. என் விரல் தானாகவே போய் அந்தப் பிசினை நசுக்கி, உள்ளே மரத்தூள் இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தது. புழு துளைத்திருக்கிறது, அவ்வளவுதான். தூள் இருந்தால் புழு, இல்லாமல் பட்டைக்கடியில் புளித்த நாற்றம் வந்தால் நோவு. நீங்கள் சொன்னது. உடுமலைக்கு வந்து இத்தனை வருடமாகியும் விரல் மறக்கவில்லை. இந்தத் தாளின் ஓரத்தில் ஒட்டியிருப்பது அந்தப் பிசின்தான்.

எஸ்டேட்டில் நம் லைன் வீடுகளுக்கு பிளம்ஸ் மரம் வந்ததே உங்களால்தான். மேனேஜர் பங்களாத் தோட்டத்தில் வேண்டாமென்று பிடுங்கிப் போட்ட கன்றுகளைக் கொழுந்துக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து, வீட்டுக்கு ஒன்று கொடுத்தீர்கள். "காலமெல்லாம் பறிக்கறோம், தேயிலைய ஆராச்சும் கடிச்சுத் திங்க முடியுதா? இதையாச்சும் திம்போம்" என்றீர்கள். நான்காம் வருடம் காய்த்தது. சிவப்பாக, புளிப்பாக, கொட்டையைச் சப்பிக்கொண்டே எல்லோரும் வேலைக்குப் போனோம்.

அடுத்த ஆடி மழையில்தான் என் மரத்தில் பிசின் கட்டியது. எல்லோருடைய மரத்துக்கும் முன்னால், என் மரத்தில். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று கங்காணியே சொல்வார். செடிக்கு ஒன்றென்றால் வெட்டு, மறுபடி தழைக்கும். அதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். கொட்டுகிற மழையில் என் மரத்தை வெட்டினேன். கத்தி கையில் இருந்தது, உற்சாகமும் இருந்தது. உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

"ஏனுங்க அக்கா, உங்க மரம் சடை வளத்து நிக்குது. ஒருக்கா சிரைச்சு உட்டுப் போறனுங்க."

"சிரை, சிரை. காது தப்புச்சாச் சரி, தம்பி" என்று சிரித்தீர்கள்.

அன்று லைன் முழுக்க வெட்டிக்கொண்டே போனேன். மூன்றாம் வீட்டுக்காரர் மட்டும் மழை விடட்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பனி முடிந்து பூக்க வேண்டிய மரங்கள் பூக்கவில்லை. மொட்டு கருகியது, கிளை காய்ந்தது, நான் வெட்டின இடமெல்லாம் பிசின் வழிந்தது. கன்று யார் கொடுத்தது என்று பேச்சு வந்தது. குழாயடியில் ஒருத்தி உங்கள் காதில் விழும்படியே சொன்னாள்: "பெத்துப் பாக்காத கை குடுத்த கன்னு. வேற எப்படி இருக்கும்?" நீங்கள் குடத்தை நிரப்பாமலே எடுத்துக்கொண்டு போனீர்கள். நான் அங்கேதான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே நீங்கள் பங்களாத் தோட்டக்காரரிடம் போய்க் கேட்டீர்கள். திரும்பி வந்து ஒவ்வொரு வீட்டு மரத்தையும் சுரண்டிப் பார்த்தீர்கள். பிறகு என்னிடம் வந்தீர்கள். என் வீட்டுக்காரி கடைக்குப் போன நேரம் பார்த்து வந்தீர்கள். அந்த மரியாதையை அன்று நான் கவனிக்கவில்லை.

"தம்பி, மொதல்ல உன்ற மரம். அப்பறம் என்றது. அப்பறம் நாலாவது ஊடு, அஞ்சாவது ஊடு. மூணாவது ஊட்டு மரம் மட்டும் பூத்து நிக்குது. அன்னைக்கு உன்னைய வேண்டாம்னது அவிய ஒருத்தருதான். உன்ற கத்தி போன வரிசைல நோவு போயிருக்குது."

"மழைங்க அக்கா. எல்லாம் மழை பண்ணுன வேலை. என்ற கத்தியச் சொல்லாதீங்க."

"குத்தஞ் சொல்ல வரல, சாமி. தெரியாமப் பண்ணுனது. குழாயடியில ஒரு வார்த்தை சொல்லிப்போடு. எனக்கு அது போதும்."

நான் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றுகூட நினைக்கவில்லை, அக்கா. உள்ளதை எழுத வேண்டுமென்றுதானே எழுதப் படித்தேன். நல்ல கவாத்துக்காரன் என்கிற பேர் ஒன்றுதான் எனக்கு இருந்தது. அதை விட மனமில்லை.

உங்கள் மரத்தை வேரோடு எடுத்தால்தான் மற்றது பிழைக்கும் என்று லைனில் முடிவு செய்தார்கள். வெட்டுவதற்கு என்னையே கூப்பிட்டார்கள். நான் கத்தியோடு வந்தபோது நீங்கள் வாசலில் நின்றிருந்தீர்கள். சுற்றிலும் ஆட்கள். அப்போதும் நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"கத்திய நெருப்புல வாட்டிட்டியா, தம்பி?"

அவர்களுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் உங்கள் அடுப்பிலேயே கத்தியை வாட்டிக்கொண்டு போய் உங்கள் மரத்தை வெட்டினேன்.

அதற்குப் பிறகும் வைத்தியத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். மழை இல்லாத நாளில் வெட்டு. பழுப்பு தீர்ந்து வெள்ளை மரம் தெரிகிற வரை வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை வாட்டு. வெட்டினதை அங்கேயே எரி. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் மண்பானையில் கரைத்துப் பூசு, தகர வாளி ஆகாது. தேய்த்த கத்தியைக் கரைசலில் முக்கிப் பார், செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை. அப்படியே செய்தேன். மூன்று மரம் செத்தது. மீதி பிழைத்தது. மறு வருடம் காய்த்தபோது வீட்டுக்கு வீடு எனக்குப் பழம் கொடுத்தார்கள். "கைராசிக்காரர்" என்றார்கள். நான் வாங்கித் தின்றேன், அக்கா.

நீங்கள் கீழ் டிவிஷன் லைனுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டீர்கள். இரண்டு மழைக்காலம் கழித்துக் காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்று பிரட்டுக் களத்தில் காலை வேலைக்குப் பேர் கூப்பிடும்போது சொன்னார்கள். அடக்கத்துக்கு வந்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர், செத்தது யார் என்று இன்னொருவரைக் கேட்டார். "அதானுங்க, மேல் லைன்ல பிளம்ஸ் மரத்துக்கெல்லாம் நோவு கொண்டாந்த அம்மா" என்று பதில் வந்தது. இருபது வருடம் கொழுந்து பறித்தவருக்கு அந்த ஒரு பேர்தான் மிஞ்சியிருந்தது. நான் மண்ணைத் தள்ளிவிட்டு வந்தேன்.

இந்த மடலை உங்களுக்கு யார் படித்துக் காட்டப் போகிறார்கள்? எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆனால் நேற்று ஒரு தபால் கார்டும் வாங்கினேன். கவர் வேண்டாம். கவரை ஒருவர் படித்து மடித்து வைத்துவிடுவார். கார்டு என்றால் தபால்காரரிலிருந்து டீக்கடை வரை படிப்பார்கள், குழாயடிக்கும் போய்விடும். நம் லைன் பேருக்கே போடுகிறேன். மூன்று தாளில் எழுதிப் பழகிவிட்டு இன்று அதில் எழுதினேன். "பிளம்ஸ் மரங்களுக்கு நோவைக் கொண்டுபோனது என் கத்தி. கன்று கொடுத்த அக்காவின் கை அல்ல. அக்காவுக்கு அப்போதே தெரியும். நான் மறைத்தேன்." கீழே என் முழுப் பெயர். அனுப்புநர் இடத்தில் மகன் வீட்டு விலாசம். என் எழுத்து பெரிது, இடம் போதாமல் பெயரின் கடைசி எழுத்து ஓரத்தில் ஏறி நிற்கிறது. ஆனாலும் படிக்க முடிகிறது.

நாளைக் காலைத் தபாலில் போய்விடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். அதற்குள் லைனிலிருந்து யாராவது பதில் போட்டிருந்தால், என்னைத் திட்டியிருந்தாலும், ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன்.