ரொவீனாவின் வாளியில் எங்கள் வீட்டுத் தோட்டா

மே 3, வெள்ளி

ஒரு வாளி நிறையப் பித்தளைக் கூடு. டெல்மர் நேற்று துப்பாக்கி கிளப்பில் சுட்டுவிட்டு வந்து கராஜ் வாசலில் வைத்திருக்கிறான். சேறு, புல், நடுவில் ஒரு சிகரெட் துண்டு. வழக்கம்தான். சுட்ட தோட்டாக் கூட்டைச் சுத்தம் பண்ணுவது என் வேலை, அதில் மறுபடி வெடிமருந்தும் ஈயக் குண்டும் ஏற்றுவது என் புருஷன் வேலை. கல்யாணமானதிலிருந்து அப்படித்தான்.

வழக்கமில்லாதது ஒன்று: வாளியில் பாதி ரொவீனாவுடையதாம்.

"அவகிட்ட சுத்தம் பண்ற மெஷின் இல்ல மாவிஸ். நம்மளோடயே போட்டுக் குலுக்கிடேன்."

"ஏன், அவ துணியையும் துவைச்சுப் போடட்டுமா?"

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ரொவீனா போன வருஷம் போஸ்மன் நகரத்திலிருந்து வந்தவள். புருஷனை விட்டுவிட்டு வந்தவள். ஒட்டினாற்போல ஒரு ஜீன்ஸ். வியாழன்தோறும் டெல்மருக்குப் பக்கத்து மேஜையில் நின்று சுடுகிறாள்.

மே 4, சனி

குலுக்கினேன். வால்நட் ஓட்டுத் தூளில் அந்த மெஷின் மத்தியானம்வரை கடகடவென்று ஆடியது. அவள் கூடும் பொன்னாட்டம் பளபளக்கிறது. என் கையாலேயே! வயிறு எரிகிறது.

மே 10, வெள்ளி

மறுபடி வாளி. இந்தத் தடவை மெஷினில் போடும் முன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

டெல்மர் தான் ஏற்றிய தோட்டாவின் அடியில் நீல மார்க்கரால் ஒரு கோடு இழுப்பான், தரையில் கிடந்தால் யாருடையது என்று தெரிய. அவன் துப்பாக்கியின் ஊசி குத்தினால் அங்கே வட்டமாகப் பள்ளம் விழும். ரொவீனாவின் துப்பாக்கி நீளவாட்டில் குத்தும், கோதுமை மணி மாதிரி.

நீலக் கோடு போட்ட கூட்டில் கோதுமைப் பள்ளம். ஒன்றிரண்டு இல்லை, கை நிறைய. அதாவது டெல்மர் ஏற்றிய தோட்டாவை அவள் சுட்டிருக்கிறாள்.

இங்கே யாரும் அடுத்தவர் ஏற்றிய தோட்டாவைச் சுடமாட்டார்கள். மருந்து ஒரு துளி கூடினால் விரல் போகும், கண் போகும். யாருக்கும் கொடுக்கவும் மாட்டார்கள். டெல்மர் கூடப்பிறந்த தம்பிக்கே கொடுத்ததில்லை. "என் தோட்டாவை மாவிஸ் மட்டும்தான் சுடலாம்"னு தம்பி முகத்துக்கு நேரே சொன்னவன். எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை! அந்தத் தோட்டாவைப் பெட்டியில் போட்டு அவளுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறான்.

முத்தம் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. — அப்படியா? எரிந்திருக்கும். ஆனால் இந்த மாதிரி இல்லை.

மே 13, திங்கள்

பேசவில்லை. ஏன் என்று அவனும் கேட்கவில்லை.

கராஜ் மேஜையில் மருந்து சிந்திக் கிடந்தது. பூனை தட்டிவிட்டதாம். பூனையாம்! மனசு வேறெங்கோ இருந்தால் சிந்தத்தான் செய்யும். காப்பியும் இப்போதெல்லாம் அரைக் கோப்பைதான் ஊற்றிக்கொள்கிறான். உடம்பைக் குறைக்கிறானாக்கும், யாருக்காகவோ.

மே 17, வெள்ளி

வாளி முழுவதையும் கொட்டிப் பார்த்தேன். வட்டப் பள்ளம் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் இந்த மனுஷன் அங்கே போய் என்னதான் செய்கிறான்? அவள் அழகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானா?

ஒரு பிடி அள்ளிப்போய் அவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டேன்.

"யாருக்குய்யா ஏத்திக் குடுக்கற?"

 ஒரு கூட்டை எடுக்கப் பார்த்தான், எடுக்க வரவில்லை. விரல் ஆடியது. கூடு தட்டில் பட்டு டக்டக்கென்றது. இரண்டு கையாலும் பிடித்தான். அப்போதும் ஆடியது.

"ஜனவரியிலேருந்தே இப்படித்தான். குறி வைக்க முடியல. சுடாம அப்படியே திருப்பிக் கொண்டுவந்தா நீ கண்டுபிடிச்சிருவே. அதான் அவளைச் சுடச் சொன்னேன்."

"இந்தக் கையோடயா மருந்து அளந்த? அவ விரல் போயிருந்தா?"

"ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை நிறுத்துப் பார்த்தேன்டி."

"உன் கை ஆடுறது அவளுக்குத் தெரியுமா?"

"பக்கத்துல நிக்கிறா. கண்ணு இருக்குல்ல."

எனக்குக் கண் இல்லையா? சிந்தின மருந்து, அரைக் கோப்பைக் காப்பி, எல்லாம் என் மூக்குக்கு முன்னால்தானே நடந்தது? நான் அவள் ஜீன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழுதேன். அவனுக்காகத்தான் அழுதேன். ஆனாலும் — இதை வேறு யார் படிக்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன் — எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறதே, அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

மே 20, திங்கள்

கிரேட் ஃபால்ஸில் டாக்டரைப் பார்க்கத் தேதி வாங்கியாயிற்று. போன் பண்ணியது நான்.

ஜூன் 14, வெள்ளி

மாத்திரையில் கை கொஞ்சம் தேவலை. குறி வைக்கிற அளவுக்கு இல்லை. இப்போது மருந்து அளப்பது நான், தோட்டா ஏற்றும் மெஷினின் கைப்பிடியை இழுப்பது அவன். நீலக் கோடும் நான்தான். கோணலாகப் போகிறதாம், கேலி வேறு.

நேற்று கிளப்பில் அவன் துப்பாக்கியால் சுட்டேன். குறி அட்டையில் பட்டதைவிடப் பின்னாலிருந்த மண்மேட்டில் பட்டதே அதிகம். "தோளை இறக்கு, தோளை இறக்கு"ன்னு பின்னால் நின்று உயிரை வாங்கினான்.

ரொவீனா வந்தாள். சொந்தமாகக் குலுக்கும் மெஷின் வாங்கிவிட்டாளாம். "நல்லாத்தான் சுடறீங்க மாவிஸ்," என்றாள். பொய்தான், ஆனால் நல்ல மனசோடு சொன்ன பொய். நல்ல பெண்தான், என்னவோ. அப்புறம் எங்கள் பெட்டியைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"எனக்கு ஒரு பத்து குடுங்களேன். பழகிப்போச்சு."

பெட்டியை மூடினேன்.

"எங்க வீட்டுத் தோட்டாவை வெளியாளு சுடறதில்லம்மா."

டெல்மர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான்.

இன்று வாளியைக் கொட்டிப் பார்த்தேன். எல்லாம் வட்டப் பள்ளம். மெஷினில் போட்டாயிற்று, ஆடிக்கொண்டிருக்கிறது.